மேல் சரிவிலிருந்து வந்த குரல்

சாய்பாஷி
12 செப்டம்பர் 2000

மவ்ஜுதா,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், தெரியும். நலமில்லாதவள் பக்கத்து வீட்டு ஹலிமாவின் மருமகனிடம் ரஷ்யாவிலிருந்து இரண்டு கோட்டு கொடுத்தனுப்ப மாட்டாள் என்பதால் கேள்வியை விட்டுவிடுகிறேன். உன் இரோதாவுக்கு அவளுடையது முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. "பரவால்ல அத்தை, நான் வளர்ந்துடுவேன்" என்று கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி நிற்கிறாள். புன்யோத் தன்னுடையதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டான். ஏன்டா என்றால் பெட்டியைப் பூட்டுகிறான். ஒன்பது வயதுப் பயலுக்கு என்ன அழுத்தம், என்ன அழுத்தம்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் ஊர் மொத்தமும் காட்டுக்குக் கிளம்புகிறது. இந்த வருஷம் அக்ரூட் கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்திருக்கிறதாம். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வாத்தியார்தான் முதல் கழுதையில் ஏறுவார், உனக்குத் தெரியாததா. கூடாரம், தேநீர் காய்ச்சும் சமோவார், கோழி, கைக்குழந்தை எல்லாம் மேலே போய்விடும். போன வருஷம் நீ சொன்னாய் என்று இரண்டு பிள்ளைகளையும் கீழேயே வைத்திருந்தேன். ஊரில் மிச்சமிருந்தது நடக்க முடியாத கிழங்களும் நாங்கள் மூன்று பேரும்தான். தெருவில் ஒரு பிள்ளைச் சத்தம் கிடையாது. இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

பனி விழுந்து எல்லோரும் இறங்கி வந்த பிறகு அதைவிட மோசம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அக்ரூட் தோல் உரித்துக் கை கறுத்திருக்கிறது. நம் பையன் கை மட்டும் வெள்ளை. "என்னடா, நீ டாக்டரா?" என்று வகுப்பில் கேலி. தோல் உரிந்து மற்றவர்கள் கை வெளுக்கும்வரை இவன் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். இந்த வருஷம் கூட்டிக்கொண்டு போகட்டுமா? பிள்ளைகள் கீழே கிடப்பதைப் பொறுக்குவார்கள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் துர்சுன்பாய்கூட இப்போது மரம் ஏறுவதில்லை, உலுக்குவதற்குக் கூலிக்கு ஆள் வருகிறது. சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

சவோதத்


சமாரா
20 செப்டம்பர்

அன்புள்ள சவோதத் அக்காவுக்கு,

வேண்டாம், அக்கா.

கோபப்படாதீர்கள். பிள்ளைகளை உங்கள் பிள்ளைகளாக வைத்திருக்கிறீர்கள். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் இதை மட்டும் கேட்காதீர்கள். அந்தக் காடு அவர்கள் அப்பாவைக் கொண்டுபோயிற்று. இன்னும் இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. இல்ஹோம் ஏறிய மரத்துக்குக் கீழே என் பிள்ளைகள் பொறுக்கித் தின்ன வேண்டுமா?

இங்கே ஒரு அறையில் எட்டுப் பெண்கள் இருக்கிறோம். எனக்குக் கோட்டுக்குக் கை வைத்துத் தைக்கிற வேலை. காலையிலிருந்து இரவுவரை கைகள்தான். உடம்பை வேறொருத்தி தைக்கிறாள். பிள்ளைகளுக்கு அனுப்பிய இரண்டை மட்டும் முழுசாக நானே தைத்தேன்.

புன்யோதைக்கூட யோசிக்கலாம். இரோதா மட்டும் கூடவே கூடாது. காட்டு வழியில்கூட அவளை விடாதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள், அக்கா. நான் வந்து சொல்கிறேன்.

மவ்ஜுதா


சாய்பாஷி
27 செப்டம்பர்

மவ்ஜுதா,

கேட்காதே என்றாய், கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லாமல் விட மாட்டேன். அவன் உனக்குப் புருஷன் ஆவதற்கு முன்னால் எனக்குத் தம்பி. நடக்கத் தெரியாத வயதில் அவனை முதுகில் கட்டிக்கொண்டு அதே காட்டுக்கு ஏறியவள் நான். 'அந்தக் காடு' என்று நீ எழுதுகிறாய். எனக்கு அது அவன் செத்த இடம் மட்டும் இல்லை. அவன் சிரித்த இடமும் அதுதான்.

சரி, விடு. உன் பிள்ளைகள், உன் சொல். இருவரும் கீழேதான் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் மேலே தனியாகச் சமைத்துத் தின்று மெலிந்துபோயிருக்கிறார். நல்லதுதான், தொப்பை குறையட்டும்.

ஒரு சங்கதி எனக்குப் புரியவில்லை. ரொட்டி வாங்கவும் மாவு வாங்கவும் மேலேயிருந்து ஆட்கள் இறங்கி வருகிறார்களே, இரோதா வாசலில் நின்று ஒவ்வொரு ஆம்பிளை முகத்தையும் பார்க்கிறாள். "யாரைடி தேடுறே?" என்று கேட்டால், "யாரையும் இல்ல" என்கிறாள். கேட்காதே என்ற உன் விஷயம் இதுதானா?

சவோதத்


சாய்பாஷி
8 அக்டோபர்

மவ்ஜுதா,

திட்டுவதை இப்போதே திட்டி முடித்துவிட்டு மேலே படி. நேற்றுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

காட்டில் எங்களுக்கு ஒதுக்கிய பங்கில் உலுக்கி முடித்தாயிற்று. மரத்தில் ஆள் கிடையாது. விட்டுப்போனதைப் பிள்ளைகள் தேடிப் பொறுக்கி வைத்துக்கொள்கிற நாள். அதில் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்புவது என்று கணக்கு. அப்படியே திரும்பியும் விட்டோம். கை கால் எல்லோருக்கும் முழுசாக இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் கழுதையைக் கட்டுகிறேன், இரோதா வருகிறாள், பெருநாளைக்குத் தைத்த சிவப்புப் பட்டுச் சட்டையில்!

"என்னடி இது? காட்டுக்கா, கல்யாணத்துக்கா?"

"இதுதான் போடுவேன்."

"முள்ளுல கிழிஞ்சா உங்கம்மா என்னைக் கிழிப்பா."

"கிழியாது."

தலையைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னச் சொல்லி அரைமணி நேரம் உயிரை வாங்கினாள். அப்புறம் தனக்கென்று இன்னொரு முழு ரொட்டி வேண்டுமாம். உன் வயிறு என்ன மாவு மூட்டையா என்று கேட்டேன். ரொட்டியைத் துணியில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். நினைவு தெரிந்து முதல் தடவை காட்டைப் பார்க்கப் போகிற சந்தோஷம் என்று நானும் விட்டுவிட்டேன். மடச்சி நான்.

இந்த வருஷம் இலை சீக்கிரம் பழுத்துவிட்டது. சரிவு முழுக்க மஞ்சள். ராத்திரி கொஞ்சம் உறைபனி விழுந்திருந்தது, வெயில் ஏற ஏற இலையெல்லாம் சொட்டுகிறது, அழுகின தோலின் அந்தக் கசப்பு வாசனை வேறு. உனக்கு மூக்கில் ஏறுகிறதா? எனக்கு அந்த வாசனை வந்தால்தான் வருஷம் முடிகிறது.

எங்கள் கூடாரத்துப் பக்கம் ஒரு எட்டுப் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். கழுதை நிற்பதற்குள் இரண்டும் அதுகளோடு போய்விட்டன. இலையைக் குவித்துச் சாக்கு விரித்து, அதில் உட்கார்ந்து சரிவில் வழுக்கிக்கொண்டு வருவது, மறுபடி ஏறுவது, மறுபடி வழுக்குவது. புன்யோத் பெட்டியில் வைத்திருந்தானே அந்தக் கோட்டு, அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், சொல்ல மறந்துவிட்டேன். சாக்கு நழுவிப்போய்க் கோட்டோடு கீழே வந்து சேர்ந்தான். பின்பக்கம் ஒரு சாண் கிழிசல். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவன் கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான் பாரு! மூக்கால் சிரிக்கிற சிரிப்பு, இல்ஹோமின் சிரிப்பு, அப்படியே. இரண்டு வருஷமாக அந்தப் பயல் சிரிப்பு எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. நான் கத்தவில்லை. புகை கண்ணில் பட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

முலாம்பழக்காரர் கழுதையோடு வந்தார். ஒரு தொப்பி நிறைய அக்ரூட் கொடுத்தால் ஒரு கீற்று. நம் பையன் பேரம் பேசினான்.

"தாத்தா, கீத்து இவ்வளவு மெலிசா இருக்கு, அந்தப் பக்கம் உங்க முகம் தெரியுது."

"உன் தொப்பி மட்டும் என்னவாம்? பாதி ஓட்டைக் காய்."

"உடைச்சுக் காட்டட்டுமா? பருப்பு இருந்தா ரெண்டு கீத்து."

இருந்தது. இரண்டு கீற்று வாங்கினான். ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தான், தின்ற பிறகு அவள் தோலையும் வாங்கிச் சுரண்டித் தின்றான்.

இரோதா முதலில் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக் கல்லில் வைத்துத் தேய்க்கக் கற்றுக்கொண்டாள். மத்தியானம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்: "அத்தை, எனக்கும் ஆயிடுச்சு!" கன்னத்திலும் மேலுதட்டிலும் அப்பியிருந்தது. "ஏய், இதுக்கு மீசை முளைச்சிடுச்சு! நாளைக்கே பொண்ணு பார்க்கக் கிளம்பணும்" என்றார் என் வீட்டுக்காரர். அவள் அவர் மூக்கிலும் பூசிவிட்டாள். சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கை ஊதி ஊதித் தின்றோம். உன்மேல் எனக்கு அப்போது கோபமாக வந்தது, மவ்ஜுதா. இதை வேண்டாம் என்றாளே என்று.

சாப்பிட்ட பிறகு மற்ற பிள்ளைகள் வெயிலில் படுத்துவிட்டார்கள். இரோதா மட்டும் எழுந்து, முகத்தை ஓடையில் கழுவி, சட்டையை இழுத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு அந்தப் பெரிய பாறைமேல் ஏறினாள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கையை வாயோரம் குவித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அப்பா! நான் வந்துட்டேன்! அப்பா!"

காட்டு முறை உனக்குத் தெரியும். யார் குரல் கொடுத்தாலும் கேட்டவன் பதில் குரல் கொடுத்தே தீர வேண்டும். யார், எவர் என்று பார்ப்பதில்லை. வழி தவறியவர் யாராவது இருந்தால் குரலைப் பிடித்துக்கொண்டு வந்து சேரட்டும் என்றுதான். நான் கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள் மேல் சரிவிலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல்: "ஓ... ஹோய்! இங்கே இருக்கேன்! வா!"

மேல் கூடாரத்துக் கோதிர் அண்ணன். ஏதோ பிள்ளைக் குரல் என்பதைத் தவிர அவர் காதில் என்ன விழுந்திருக்கும், பாவம்.

இரோதா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியாது. பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே என்பதுபோல ஒரு முகம். அப்புறம் ஓடினாள்.

இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நான் மேலே போய்ச் சேர்ந்தபோது கோதிர் கையில் கரண்டியோடு நிற்கிறார். அவர் பெண்டாட்டி, மருமகள்கள், பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள். இவள் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். கூடாரத்துத் துணியைத் தூக்கி உள்ளே பார்க்கிறாள்.

"எங்க அப்பா எங்கே? இப்ப இங்கேருந்துதானே பேசினாரு?"

"கண்ணு, அது... நான்தாம்மா கூவினேன்."

"நீங்க இல்ல. எங்க அப்பா."

கோதிர் தொப்பியைக் கழற்றிவிட்டார். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை அவருக்கு. யாருக்குத் தெரியும்? தூக்கிக்கொண்டு வந்தேன். அழவில்லை. வழியில் இறங்கி, பாறைமேல் ரொட்டியை வைத்துவிட்டு வந்தாள். "ராத்திரி வந்தா சாப்பிடட்டும்."

இறங்கி வரும்போது புன்யோதைப் பிடித்துக் கேட்டேன். அவன்தான் அழுதான். "அம்மா வர்ற வரைக்கும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் அத்தை. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல." அந்தப் பயல் சிரிக்காததற்குக் காரணம் இப்போது தெரிந்தது.

நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய், மவ்ஜுதா? இனிமேல் நான் என்ன சொல்ல வேண்டும்? ஊரில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அவளும் பார்க்கிறாள்.

சவோதத்


சமாரா
15 அக்டோபர்

அக்கா,

கூடாது என்று எழுதியிருந்தேன். அதுவும் இரோதா கூடவே கூடாது என்று எழுதியிருந்தேன். உங்களுக்கு என் சொல் ஒரு சொல்லே இல்லை. என் மாமியார் இருந்தபோதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். பிள்ளைகளைப் பெற்றவள் கோட்டு அனுப்பினால் போதும், இல்லையா?

இதுவரை நேற்று எழுதினேன். கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை, நீங்களும் படியுங்கள். இனி இன்று எழுதுவது.

அவளுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று பஜாரில் என் தங்கை வீட்டில் விட்டிருந்தோம், ஞாபகமிருக்கிறதா? அவள் திரும்பி வந்தபோது அடக்கம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு பெருக்கியாகிவிட்டது. உள்ளே வந்ததும் "அப்பா எங்கே?" என்றாள். அக்டோபர் மாதம், அக்கா. அந்த மாதத்தில் நம் ஊரில் எந்தப் பிள்ளை கேட்டாலும் எந்தத் தாயும் என்ன சொல்வாள்? என் வாயிலும் அதுதான் வந்தது. "காட்டுக்குப் போயிருக்கார்." நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாலு வயதுப் பிள்ளை.

பனி விழுந்ததும் எல்லா அப்பாக்களும் மூட்டையோடு இறங்கி வந்தார்கள். அவள் வாசலில் நின்றாள். "எங்கப்பா?" என்றாள். அடுத்த வருஷம் என்றேன். அவளும் சரி என்றாள். அவ்வளவு சுலபமாக நம்புவாள் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

என்னை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். அவள் வந்தால் நீங்கள் எல்லோரும் பேச்சை மாற்றினீர்கள். நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர்கள், வாத்தியார். ஒருத்தராவது அவள் முன்னால் இல்ஹோம் பேரைச் சொன்னீர்களா?

பேரைச் சொல்லாத வீட்டில் இருக்க முடியாமல்தான் நான் இங்கே வந்தேன். பிழைப்புக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சொல்லிவிடுங்கள், அக்கா. நான் எழுதினால் அது வெறும் காகிதம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். மரத்தைப் பற்றி வேண்டாம். இல்லை, அதையும் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள். புன்யோதிடம், சத்தியத்திலிருந்து அம்மா விடுவித்துவிட்டாள் என்று சொல்லுங்கள். அவன் கிழிந்த கோட்டை இங்கே அனுப்ப வேண்டாம், நீங்களே தைத்துவிடுங்கள். நல்ல நூல் வேண்டும், உள்ளேயிருந்து.

அவன் சிரித்ததைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

மவ்ஜுதா


சாய்பாஷி
24 அக்டோபர்

மவ்ஜுதா,

நீ கிழிக்காமல் அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். இருக்கட்டும். உன் சொல்லை மீறியது மீறியதுதான். பேரைச் சொல்லவில்லை என்றாயே, அது உண்மை. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

சொல்லிவிட்டேன். கூரைமேல் அக்ரூட் காயவைத்திருந்தேன். இரண்டு பேரும் கிளறிக்கொண்டிருந்தோம். "இரோதா, அப்பா காட்டுல இல்லடா. அப்பா இறந்துட்டாரு. காய் உலுக்க மரத்துல ஏறினாரு, கிளை முறிஞ்சு விழுந்து இறந்துட்டாரு. இனிமே வரமாட்டாரு." இதைச் சொல்வதற்கு ஒரு ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்தேன், சொல்லும்போது பாதி மறந்துவிட்டது.

கிளறுவதை நிறுத்தவில்லை அவள்.

"வலிச்சுதா?"

"ஒரு நொடிதான் கண்ணு. அப்புறம் இல்ல."

"கோதிர் பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வாத்தியாருக்கு?"

"தெரியும்."

"அண்ணனுக்கு?"

"தெரியும்டா."

"அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

ஆமாம் என்றேன். ஏணியில் இறங்கிப் போய் அண்ணனை அடித்தாள். காய்ப் பையாலேயே அடித்தாள். அவன் தடுக்கவில்லை, வாங்கிக்கொண்டு நின்றான். அப்புறம் இரண்டும் ஒரே போர்வைக்குள் போய்விட்டன. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தபோது முகம் வீங்கியிருந்தது, ஆனால் சாப்பிட்டார்கள். மறுநாள் என் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் அப்பா அடக்கமான மண்ணைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். கல்லைத் தொட்டுப் பார்த்தாளாம். மரத்தையும் பார்க்க வேண்டும் என்றாளாம். உன்னைக் கேட்டுவிட்டுத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கேட்காமல் செய்ய மாட்டேன்.

அல்லாஹ்வே, முடிந்தது என்று பெருமூச்சு விட்டேன். முடியவில்லை. மூன்றாம் நாள் காலை தலை பின்னிக்கொண்டிருக்கிறேன், முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே கேட்கிறாள்.

"அத்தை, அம்மா ரஷ்யாவுக்குப் போயிருக்குன்னு சொல்றீங்களே, அதுவும் அப்படித்தானா?"

பின்னலை விட்டுவிட்டு அவளை என் பக்கம் திருப்பினேன்.

"என்னடி பேசுற! அம்மா உசுரோட இருக்கா. வேலை பார்க்கிறா."

"அப்பாவும் காட்டுக்குப் போயிருக்குன்னுதான் சொன்னாங்க."

கோட்டைக் காட்டினேன். இதை யார் தைச்சது? கடையில் வாங்கியிருப்பீங்க என்றாள். உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். பொறுமையாகக் கேட்டாள். "நீங்கதானே படிக்கிறீங்க அத்தை" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. புன்யோத் சத்தியம் பண்ணினான். அவன் சத்தியத்துக்கு இப்போது வீட்டில் மதிப்பில்லை.

அதனால்தான் முந்தாநாள் பஜார் தபால் ஆபீஸுக்கு அழைத்துப்போய் உன் தொழிற்சாலைக்குப் போன் போட்டேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, மவ்ஜுதா. திடீரென்று கூப்பிட்டால் யாராக இருந்தாலும் பயந்துதான் போவார்கள். ஆனால் நீ ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாம். லைனில் ஒரே இரைச்சல், அதற்குள் உன் அழுகை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள். "யாரோ அழறாங்க அத்தை" என்றாள்.

இப்போது அவள் உன்னைப் பற்றிக் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. தொழுகைக்குப் பிறகு இறந்தவர்களுக்காகக் கையேந்தி, அப்பா பேரோடு உன் பேரையும் சேர்த்துச் சொல்கிறாள். நான் கேட்டேன், என் காதால் கேட்டேன்.

உன்னை வா என்று சொல்கிற உரிமை எனக்கில்லை, உன் கஷ்டம் உனக்கு என்றுதான் எழுத நினைத்தேன். இல்லை. சொல்கிறேன். வா.

சவோதத்


சமாரா
30 அக்டோபர்

அக்கா,

வியாழக்கிழமை ரயிலில் கிளம்புகிறேன். இதை இன்று கிளம்புகிற பையனிடம் கொடுத்தனுப்புகிறேன், எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

பருவம் பாதியில் இருக்கும்போது போனால் உன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவாள் என்றாள் மேற்பார்வைக்காரி. உட்காரட்டும் என்றேன். வந்த நாளிலிருந்து நான் இங்கே எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. அவளே ஆடிப்போய்விட்டாள்.

நான் உயிரோடு இருக்கிறேன் என்று என் பிள்ளைக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது, அக்கா. சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

நான் வருவதை அவளிடம் சொல்லாதீர்கள். வருகிறார், வருகிறார் என்று அவள் போதுமான அளவு கேட்டுவிட்டாள். புன்யோதிடமும் வேண்டாம், இன்னொரு ரகசியத்தை அவன் தலையில் ஏற்றாதீர்கள்.

மரத்தைப் பார்க்கட்டும். கூட்டிக்கொண்டு போங்கள். பனி விழும்வரை எல்லோரும் மேலேயே இருந்தாலும் சரி, பிள்ளைகள் ஆசைதீர விளையாடட்டும். நானும் அங்கேயே ஏறி வருகிறேன். அந்தச் சரிவில் இனி கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவள்தான் நான். சொன்னதை எல்லாம் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு பயம் இருக்கிறது. இங்கே நான் இளைத்துவிட்டேன், தலைமுடியை வெட்டிவிட்டேன். நான் போய் நின்று, அவளுக்கு என்னை அடையாளம் தெரியாவிட்டால் என்ன செய்வேன், அக்கா?

மவ்ஜுதா


(கதவுச் சங்கிலியில் செருகியிருந்தது)

8 நவம்பர்

மவ்ஜுதா,

வந்துவிட்டாயா? அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் மேலேதான் இருக்கிறோம், சூப் வைத்து இதைச் செருகிவிட்டுப் போக நான் மட்டும் இறங்கி வந்தேன். இந்த வருஷம் பனி தாமதம், மேகம் மட்டும் இரண்டு நாளாக மலைமேல் உட்கார்ந்திருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. பெட்டியைப் போட்டுவிட்டு, அடுப்போரம் மூடி வைத்திருக்கிற சூப்பைச் சூடுபண்ணிக் குடித்துவிட்டு ஏறு. வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழாதே, அதற்கு வேறு அவளுக்கு விளக்கம் சொல்ல என்னால் ஆகாது.

மரத்தைக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தாள். "இவ்வளவு பெருசா?" என்றாள். அப்புறம் அதன் அடியில் கிடந்ததைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள், புன்யோதும் கூட உட்கார்ந்துகொண்டான். பொறுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடையாளம் தெரியுமா என்று கேட்டாயே, எனக்கும் தெரியவில்லை. முடி வளரும், உடம்பு தேறும், அதற்கெல்லாம் நாள் இருக்கிறது. ஒன்று மட்டும் செய். ஓடை தாண்டியதும் எங்கள் கூடாரம் கண்ணில் படும், பிள்ளைகள் சத்தமும் கேட்கும். உனக்கு அவள் பேரைச் சொல்லிக் கத்தத் தோன்றும். கத்தாதே. தூரத்திலிருந்து ஒரு குரல்கூடக் கொடுக்காதே. வேறு யாராவது குரல் கொடுத்தாலும் பதில் சொல்லாமல் வா, காட்டு முறையை இன்றைக்கு ஒரு நாள் நீ மீறினால் ஒன்றும் ஆகாது. நேராக அவள் முன்னால் போய் உட்கார். அவளாகக் கையை நீட்டி உன்னைத் தொட்டுப் பார்க்கட்டும். எவ்வளவு நேரமானாலும் சரி, அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே.

சவோதத்